ஊர்ச் சபைக்குச் சங்கம் அனுப்புகிறோம், ஆராதனையை யூடியூபில் பார்க்கிறோம்: பக்கத்துச் சபையில் சேரத்தான் வேண்டுமா?

தாம்பரம்வாசி கேட்டது:

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வீடு இப்போது தாம்பரம் தாண்டி. வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ச் சபைக்குச் சங்கக் காணிக்கை (உறுப்பினர் சந்தா) அனுப்பிவிடுகிறோம், அசனத்துக்கும் (சபைப் பொது விருந்து) போகிறோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு டிவியில் யூடியூப் ஆராதனைதான். நல்ல பிரசங்கம், நல்ல பாட்டு, குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனைவி, "பிள்ளைகளுக்குச் சபை என்றால் டிவி என்று ஆகிவிட்டது" என்கிறாள். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு.

மூன்று கேள்விகள். உள்ளூர்ச் சபை என்று ஒன்று எதற்கு, அது என்ன செய்கிறது? ஊரிலிருந்து இங்கே மாற என்னென்ன தாள் வேண்டும்? தெருமுனையில் ஒரு சுயாதீன சபை இருக்கிறது. சிஎஸ்ஐ ஆலயம் மூன்று கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பதிலேயே சேர்ந்தால் என்ன?

---

மேய்ப்பன்கோல்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், தாள் விவகாரம் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

அப்போஸ்தலர் 2:42-ஐ எடுத்துப் பாருங்கள். முதல் சபை நான்கு காரியத்தில் உறுதியாய்த் தரித்திருந்தது என்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். உங்கள் டிவியில் உபதேசம் முழுசாக வருகிறது. ஊர்ச் சபையில் கிடைப்பதைவிட நன்றாகவே வரலாம், அதை மறுக்கவில்லை. ஜெபம் பாதி வருகிறது, ஏனென்றால் ஜெபிக்கிறவருக்கு உங்கள் வீட்டுப் பாரம் தெரியாது. மிச்சம் இரண்டும் திரை வழியாக வர வழியே இல்லை.

அப்பம் பிட்குதலை, அதாவது நற்கருணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஊரடங்கில் அப்பமும் திராட்சரசமும் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன சபைகளும் உண்டு, கூடிவரும் வரை காத்திருப்போம் என்று நிறுத்திவைத்த சபைகளும் உண்டு. என் கருத்து இரண்டாவது பக்கம். கொரிந்து சபையில் வசதியுள்ளவன் முந்திக்கொண்டு சாப்பிட்டான், இல்லாதவன் பசியாய் இருந்தான். பவுல் கண்டித்தது அதைத்தான். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று 1 கொரிந்தியர் 11-ல் முடிக்கிறார். காத்திருக்க யாருமே இல்லாத வீட்டு மேசையில் அந்த வசனத்துக்கு வேலை இல்லை.

அடுத்தது வியாதி. யாக்கோபு 5:14, வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்கிறது. வரவழைக்க வேண்டுமானால் அந்த மூப்பருக்கு உங்கள் கதவு எண் தெரிந்திருக்க வேண்டும். சேனலுக்கு ஜெபக் குறிப்பு அனுப்பினால் பதில் வரும். ஆஸ்பத்திரியில் ராத்திரி மாற்றாளாக உட்கார ஆள் வராது.

யாரும் பேசப் பிடிக்காத ஒன்று சபை ஒழுங்கு. மத்தேயு 18:15 முதல் 17 வரை படிப்படியாக இருக்கிறது. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். எந்தச் சபைக்கு? உங்கள் பெயர் தெரிந்த சபைக்குத்தானே சொல்ல முடியும்! யூடியூப் பிரசங்கியார் உங்களைக் கண்டிக்க முடியாது, நீங்களும் அவரைக் கண்டிக்க முடியாது. அது சௌகரியமாக இருக்கிறது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. திருநெல்வேலிச் சபையின் பிறப்பு என்று சொல்லப்படுவது 1780-ல் பாளையங்கோட்டையில் 40 பேர் பெயரை எழுதிய பதிவேடு. குளோரிந்தா அம்மாள் முயற்சியில் எழும்பிய ஆலயம் 1785-ல்தான் பிரதிஷ்டை ஆனது. ஆக, பட்டியல் முதலில், கட்டடம் பிறகு. மிஷனெரி ரேனியஸ் ஐயர் (எங்கள் பக்கம் குருவை ஐயர் என்போம்) 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830-ல் உதவி நிதி திரட்டும் தர்ம சங்கம் ஏற்பட்டது. வேதத்துக்கு வந்ததால், அதாவது கிறிஸ்தவர்களானதால், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு மனை வாங்கிக் குடியேற்ற அந்தப் பணம் போனது. பிரசங்கம், பள்ளிக்கூடம், வீட்டுமனை மூன்றும் ஒரே சபையின் வேலையாக இருந்த காலம் அது. பிறகு 1903-ல் அதே மண்ணிலிருந்து இந்திய மிஷனெரி சங்கம் புறப்பட்டது. வெளியூருக்கு மிஷனெரி அனுப்பும் அளவுக்குப் பணம் சேர்ந்ததில் கைப்பிடி அரிசிக்கும் பங்கு உண்டு.

கைப்பிடி அரிசி உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரைக் கலயத்தில் போடுவது. கலயம் நிறைந்ததும் ஓலைப்பெட்டியில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். கையில் காசே பிடிக்காத பெண்களும் சபையின் பங்காளிகளானது இப்படித்தான். மிசோரம் சபைகளில் இன்றுவரை இதே வழக்கம் உண்டு. ஜிபேயில் அனுப்புகிற காணிக்கை தொகையில் பெரிசாக இருக்கலாம். கொடுத்ததை யாருக்காகச் செலவழித்தோம் என்று கேட்கும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

---

சங்கப்புத்தகம்:

தாள் விவகாரத்துக்கு வருகிறேன்.

நாசரேத் இப்போது தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் (பேராயர் ஒருவரின் கீழ் உள்ள பேராயம், டயோசிஸ்). திருநெல்வேலியிலிருந்து 2003-ல் பிரிந்தது. ஆகவே ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டுப் பாளையங்கோட்டை டயோசிஸ் ஆபீஸில் போய் நிற்காதீர்கள். பதிவேடு இருப்பது சேகரத்தில் (ஒரு குருவின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பு). உங்கள் ஊர் கிளைச் சபையாக இருந்தால் சபை ஊழியரிடமும் இருக்காது, சேகரத் தலைமையிடத்தில் ஐயர் பொறுப்பில் இருக்கும். இடையில் சேகரம் இரண்டாகப் பிரிந்திருந்தால், பிரிவதற்கு முந்தைய பதிவேடு பெரும்பாலும் தாய்ச் சேகரத்தில்தான் கிடக்கும். அப்பா ஞானஸ்நானம் பெற்ற வருஷத்தில் அந்தச் சபை எந்தச் சேகரத்தில் இருந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஊர் சேகர குருவிடம் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானப் பதிவின் நகல். நீங்களும் மனைவியும் திடப்படுத்தல் (நற்கருணை எடுக்கத் தொடங்கும் முன் பேராயர் நடத்தும் சடங்கு) பெற்ற விவரம், திருமணப் பதிவின் நகல் இவற்றையும் சேர்த்து. இன்னொன்று மாறுதல் கடிதம். கடிதத்தில் குடும்பத் தலைவர் பெயர், குடும்பத்தாரின் பெயர்கள், நற்கருணை எடுக்கிறவர்கள் யார் யார், சங்கம் எந்த மாதம் வரை செலுத்தப்பட்டது என்பது கட்டாயம் இருக்கட்டும். சங்கம் பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்கிவிட்டே கடிதம் கேளுங்கள். பாக்கியோடு கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதில்தான் வரும்.

மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் இனிஷியலை விரித்து வேறொன்று, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது. பதிவேட்டை அடித்துத் திருத்தச் சொல்லி ஐயரை நெருக்காதீர்கள். அடித்துத் திருத்திய பதிவு நாளைக்கு பாஸ்போர்ட் ஆபீஸிலோ கோர்ட்டிலோ சந்தேகத்துக்கு இடமாகும். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சேகர முத்திரையோடு தனிக் கடிதம் வாங்கினால் போதும்.

தாம்பரம் வந்ததும் உங்கள் பக்கத்து சிஎஸ்ஐ சபை ஆயரைப் (குருவை) பார்த்துக் கொடுங்கள். சேகரக் கமிட்டியில் வைத்து ஏற்றுக்கொண்டதும் சந்தாப் புத்தகமோ கவரோ தருவார்கள். ஓட்டுரிமை உடனே வராது, எவ்வளவு காலம் என்பது அந்தந்தப் பேராயத்தின் விதி. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது கூடாது. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலில் ஆட்சேபம் எழுப்ப முதலில் தேடுவதே அப்படிப்பட்ட பெயர்களைத்தான். ஊர்மேல் பாசம் இருந்தால் பிரதிஷ்டைப் பண்டிகைக் காணிக்கையும் அசனத்துக்கு அரிசியும் அனுப்புங்கள், அதற்கு மெம்பராக இருக்கத் தேவையில்லை.

மூத்தவன் ஒன்பதாவது என்றீர்கள். திடப்படுத்தல் வகுப்பு எப்போது ஆரம்பம் என்று இப்போதே கேளுங்கள். வகுப்பு மாதக்கணக்கில் நடக்கும், பேராயர் வரும் தேதியை ஒட்டி முடியும். பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு மோதினால் பையன் இரண்டுக்கும் நடுவில் திண்டாடுவான். ஞானஸ்நானப் பதிவின் நகல் இல்லாமல் பெயர் எழுத மாட்டார்கள்.

அந்த ஆலயத்தில் ஆராதனை ஊரில் உள்ளது மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழிவந்த எஸ்ஐயூசியும் (தென்னிந்திய ஐக்கிய சபை) ஒன்றாகின. நெல்லைச் சீமை முழுக்க ஆங்கிலிக்கன் வழக்கம். சென்னையில் ஒரு தெருவுக்கு ஒரு பூர்வீகம். முழங்கால்படியிடுவதா உட்கார்ந்திருப்பதா, நற்கருணைக்கு ஒரே பாத்திரமா சின்னக் கிண்ணங்களா என்பதெல்லாம் மாறும். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

---

கணக்குமுக்கியம்:

மூன்றாவது கேள்வி. சுயாதீன சபை என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெபத்திலும் வீடு சந்திப்பதிலும் பல பெரிய சபைகள் அவர்களிடம் பாடம் படிக்கலாம். ஆனால் சேருவதற்கு முன் பாஸ்டரிடம் நேராகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நல்ல பாஸ்டர் கோபப்பட மாட்டார்.

இடமும் கட்டடமும் யார் பெயரில்? பதிவு செய்த சங்கத்தின் பெயரிலா, டிரஸ்ட் பெயரிலா, பாஸ்டர் பெயரிலா? பாஸ்டர் பெயரில் இருந்தால் அது சட்டப்படி அவர் வீட்டுச் சொத்து. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும், சபைக்குப் போகாது. டிரஸ்ட் என்றால் டிரஸ்டிகள் யார் என்று கேளுங்கள். கணவன், மனைவி, மச்சான் என்று மூன்று பேர் இருந்தால் டிரஸ்ட் என்பது பெயருக்குத்தான்.

வருஷக் கணக்கைச் சபைக்கு முன் வாசிக்கிறார்களா? வெளி ஆடிட்டர் கையெழுத்து உண்டா? தசமபாகத்துக்கு 80ஜி ரசீது (வருமான வரிச் சலுகைக்கானது) தருகிறோம் என்றால் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. அப்படியானால் ரசீது தருவது அதே கூரைக்குக் கீழே உள்ள வேறொரு தர்ம டிரஸ்டாக இருக்கும். உங்கள் காணிக்கை எந்தக் கணக்குக்குப் போகிறது? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீது இருந்தும் விலக்கு இல்லை.

கல்யாணம் நடத்த உரிமம் இருக்கிறதா? 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யார் நடத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணிய சிஎஸ்ஐ ஆயருக்குத் தனி உரிமம் வேண்டாம். சுயாதீன பாஸ்டருக்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்திவிட்டு, பூப்போட்ட அட்டையில் தங்க எழுத்தில் ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். விசாவுக்கோ வாரிசுச் சான்றுக்கோ போகும்போதுதான் அது வாழ்த்து அட்டைக்குச் சமம் என்று தெரியவரும்.

கடைசியாக ஞானஸ்நானம். குழந்தை ஞானஸ்நானத்தைப் பெரும்பாலான சுயாதீன சபைகள் ஏற்பதில்லை. சேர வேண்டுமென்றால் முழுக்கு ஞானஸ்நானம் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சிஎஸ்ஐயில் ஞானஸ்நானம் ஒரே தடவைதான். மறுபடி எடுத்தவர் திரும்பி வரும்போது நற்கருணைக்கும் கல்யாணத்துக்கும் கேள்வி வரும். வேத அடிப்படையில் யோசித்து முழுக்கு எடுப்பவர் எடுக்கட்டும். மூன்று கிலோமீட்டர் தூரம் மிச்சமாகிறதே என்பதற்காக எடுக்கக்கூடாது.

---

வெளியேநிற்பவன்:

எல்லாம் சரி. சபை, சபை என்கிறீர்கள், உள்ளே போனால் நடப்பது டிசி (திருமண்டல கவுன்சில்) தேர்தல், கோஷ்டி, கோர்ட் கேஸ். போலீஸ் பந்தோபஸ்தோடு ஓட்டுப் போடுகிற இடத்தில் என்ன அந்நியோந்நியம்? டிவியில் பார்ப்பவன் நிம்மதியாக இருக்கிறான்.

---

மேய்ப்பன்கோல்:

அண்ணே, நீங்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் சண்டை எங்கே மூள்கிறது என்று பாருங்கள். பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, அவற்றில் வேலை நியமனம், நிலம் இவற்றைச் சுற்றித்தான். அதெல்லாம் திருமண்டல மட்டத்து விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், ஓய்வுநாள் பள்ளியில் அதிகாரம் பண்ண ஒன்றும் இல்லை, வேலைதான் இருக்கிறது. அதற்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிற சபைகளே அதிகம். நியாயமானவர்கள் எல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டால் கமிட்டி யார் கைக்குப் போகும்?

தாம்பரம்வாசி, உள்ளே போனதும் பதவிக்கு நிற்க வேண்டாம். காணிக்கை எண்ணுகிற மேசையில் உட்காருங்கள். ஒரு சபை எப்படி நடக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒழுங்காக நடக்கும் இடத்தில் பையைத் திறக்கும்போது குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள், ஒரே குடும்பத்தார் இருக்க மாட்டார்கள். பைக் காணிக்கை, பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை கவர், சங்கம், கட்டட நிதி எல்லாவற்றையும் கலக்காமல் தனித்தனியாகப் பிரித்து எண்ணுவார்கள். எந்தத் தாளில் எத்தனை என்று எழுதி, மூன்று பேரும் அங்கேயே கையெழுத்துப் போடுவார்கள். பணம் திங்கட்கிழமை அப்படியே பேங்குக்குப் போகும். ஓட்டை விழுவது இந்த "அப்படியே"யில்தான். ஸ்பீக்கர் ரிப்பேருக்கு ஐந்நூறு, கோயில் சுத்தம் செய்தவருக்கு முந்நூறு என்று எண்ணின கையோடு எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பதிவார்கள். திருட்டு இல்லை, சோம்பல். ஆனால் வருஷக் கடைசியில் வரவும் தெரியாது செலவும் தெரியாது, அப்புறம் பொருளாளரைத் திருடன் என்பார்கள். வரவு முழுதும் பேங்குக்கு, செலவு முழுதும் வவுச்சரோடு. சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை பொருளாளர் கையில்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்திலும் இதே கதை. பூசணிக்காயை உற்சாகத்தில் இரண்டாயிரத்துக்குக் கேட்பார்கள், எடுத்துக்கொண்டும் போவார்கள், பணம் அடுத்த பண்டிகை வரை வராது. ஏலம் எடுத்தவர் பெயரையும் தொகையையும் அந்த இடத்திலேயே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு இளைஞரைப் போட்டால் போதும், வசூல் ஆகிவிடும். உங்கள் மூத்தவனுக்குத் தோதான வேலை.

---

தாம்பரம்வாசி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஊர் ஐயரிடம் போனில் பேசிவிட்டேன், சங்கம் இந்த மாதம் வரை கட்டிவிட்டுக் கடிதம் வாங்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். தங்கைக்கு இந்த வருஷம் கல்யாணம் பேசுகிறோம், அவள் பெயரும் எங்கள் குடும்பத்தோடு ஊரில்தான் இருக்கிறது. இப்போது மாறினால் ஓலை (ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு) வாசிப்பதில் சிக்கல் வருமா? இன்னொன்று அப்பா கேட்கச் சொன்னது. இங்கே மெம்பரானால் கல்லறை ஊரிலா இங்கேயா?

---

சங்கப்புத்தகம்:

தங்கைக் கல்யாணம் முடியும் வரை அவள் பெயரை ஊரிலேயே விடுங்கள். மாறுதல் கடிதத்தில் அவளைச் சேர்க்க வேண்டாம் என்று ஐயரிடம் சொன்னால் போதும். பெண் வீட்டுச் சபையிலும் மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். கல்யாணம் எந்த ஆலயத்திலோ அந்த ஆயருக்கு மற்றச் சபையிலிருந்து "வாசித்தாயிற்று, தடை இல்லை" என்று கடிதம் வர வேண்டும். பாதியில் பெயர் மாறினால் எந்தச் சபை வாசிப்பது என்று இரண்டு ஆயரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்று ஞாயிறு என்றால் மூன்று வாரம் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். விண்ணப்பம், ஞானஸ்நான நகல், கடிதம் போய்வருவது எல்லாம் சேர்த்து ஆறு வாரம் முன்னால் கொடுங்கள். மண்டபம் பிடிக்கும் முன் லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) எப்போது தொடங்குகிறது என்று காலண்டரைப் பாருங்கள். அந்த நாற்பது நாளில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆலயத்தில் முடிந்ததும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி அது கட்டாயம்.

கல்லறை. சென்னையில் எல்லா ஆலயத்துக்கும் சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது. நகருக்குள் கீழ்ப்பாக்கம், காசிமேடு தோட்டங்கள் மெட்ராஸ் செமிட்டரீஸ் போர்டு பொறுப்பில் உள்ளன, இட நெருக்கடி அதிகம். உங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டம், குடும்பக் கல்லறையை மறுபடி திறக்கலாமா, எத்தனை வருஷம் கழித்து, என்ன கட்டணம் என்று சேரும்போதே ஆயரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே அடக்கம் செய்தாலும் ஆயர் கடிதம் கேட்பார்கள். எந்தச் சபைப் புத்தகத்திலும் பெயர் இல்லாத வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கு அந்தக் கடிதத்துக்கு அலைவதுதான் பெரிய பாடு.

அப்பா ஊரிலேயே வேண்டும் என்றால் அவர் பெயரை மட்டும் ஊர்ச் சபையில் தனிக் குடும்பமாக வைத்துச் சங்கம் கட்டிக்கொண்டிருங்கள். அதற்குத் தடை இல்லை. தாத்தா பாட்டி கல்லறை அங்கே இருந்தால், எந்த வரிசை, யார் பக்கத்தில் என்று இந்த அசனத்துக்குப் போகும்போது சபை ஊழியரோடு நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கல்லறைக்கு வரைபடம் வைத்திருக்கும் சபைகள் குறைவு.